எலும்பைத் தின்ன அனுமதி கொடுப்பது யார்?

நம் ஊரில் எலும்பு சம்பந்தப்பட்ட எந்தத் தொல்லைக்கும் ஒரே பெயர்தான்: தேய்மானம். முழங்கால் வலித்தால் தேய்மானம். இடுப்பு முறிந்தால் தேய்மானம். எக்ஸ்ரேயில் முதுகெலும்பு கொஞ்சம் வெளிறித் தெரிந்தாலும் தேய்மானம். முழங்காலுக்கு இந்தச் சொல் ஓரளவு பொருந்தும்; அங்கே எலும்பின் நுனியைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு கெட்டுப்போகிறது. ஆனால் குளியலறையில் லேசாகச் சறுக்கியதற்கே பாட்டிமார்களின் இடுப்பெலும்பு முறிகிறதே, அந்த எலும்புப்புரை நோய்க்கு இது கொஞ்சமும் ஒட்டாத சொல். செருப்பு தேயும், அம்மிக்கல் தேயும். உரசினால் தேயும், சும்மா வைத்திருந்தால் அப்படியே இருக்கும். எலும்பு இதற்கு நேர்மாறு. சும்மா படுத்துக் கிடந்தால்தான் அது வேகமாகக் குறைகிறது. எடையற்ற விண்வெளியில் மாதக்கணக்கில் மிதந்துவிட்டு வருகிறவர்களுக்கு, இடுப்புப் பகுதி எலும்பின் கனிமத்தில் மாதத்துக்கு 1 சதவீதத்துக்கு மேல் போய்விடுகிறது. உரசுவதற்கு அங்கே என்ன இருக்கிறது?

அங்கேயும் இங்கேயும் நடப்பது ஒன்றுதான்: எலும்பு தின்னப்படுகிறது. தின்பதற்கென்றே ஒரு செல் நம் உடம்பில் இருக்கிறது. அதன் பெயர் ஆஸ்டியோகிளாஸ்ட். அது பசித்தபோதெல்லாம் தின்றுவிட முடியாது என்பதுதான் இதில் வியப்பான பகுதி. இன்னொரு செல் அனுமதி கொடுத்தாக வேண்டும். அந்த இன்னொரு செல், எலும்பைக் கட்டும் வகையைச் சேர்ந்தது.

முதலில் தின்பவரைப் பார்த்துவிடுவோம். சாதாரண செல்லுக்கு ஓர் உட்கரு. ஆஸ்டியோகிளாஸ்ட்டுக்கு ஐந்து, பத்து, சில நேரம் இருபது. பல செல்கள் ஒன்றோடொன்று கலந்து உருவான ராட்சச செல் அது. எலும்பின் மேல் அது உட்காரும் விதம் டம்ளரைக் கவிழ்த்து வைத்ததுபோல. விளிம்பு முழுவதும் எலும்போடு இறுக ஒட்டிக்கொள்ளும்; உள்ளே ஒரு மூடிய அறை கிடைக்கும். அந்த அறையைப் பார்த்த பக்கத்தில் செல்லின் சவ்வு கொசுவம் வைத்த புடவைபோல மடிப்பு மடிப்பாக இருக்கும். அங்கிருக்கும் பம்புகள் ஹைட்ரஜன் அயனிகளை அறைக்குள் தள்ளுகின்றன. கூடவே குளோரைடும் போகிறது. இரண்டும் சேர்ந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம், நம் வயிற்றில் சுரக்கும் அதே சரக்கு. அறைக்குள் பிஎச் அளவு 4.5 வரை இறங்குகிறது. எலும்பின் கால்சியம் பாஸ்பேட் கனிமம் கரைகிறது. மிஞ்சி நிற்கும் கொலாஜன் நார்களைக் கேத்தெப்சின்-கே என்ற என்சைம் துண்டு போடுகிறது. செல் அந்தக் குப்பையை ஒரு பக்கம் விழுங்கி மறுபக்கம் வெளியே விடுகிறது. அது ரத்தத்தில் கலக்கிறது. எலும்பு மருத்துவர் எழுதிக்கொடுக்கும் சிடிஎக்ஸ் என்ற ரத்தப் பரிசோதனை, இந்தக் கொலாஜன் துண்டுகளைத்தான் அளக்கிறது. எவ்வளவு தின்னப்பட்டது என்பதற்கு எச்சில் இலையை எண்ணிப் பார்ப்பதுபோல.

இந்த இயந்திரத்தில் எந்தப் பாகம் பழுதானாலும் அதற்கென்று ஒரு பிறவி நோய் உண்டு. அமிலப் பம்பு வேலை செய்யாவிட்டால் எலும்பு தின்னப்படாமல் கல்லாக அடைத்துக்கொள்ளும். ஆஸ்டியோபெட்ரோசிஸ் என்ற நோய். மஜ்ஜை இருக்க வேண்டிய இடத்தையும் எலும்பே நிரப்பிவிடுவதால் குழந்தைக்கு ரத்தசோகை வரும், நரம்புகள் நெரிபட்டுப் பார்வை போகும். இத்தனை அடர்த்தியான எலும்பு, ஆனாலும் சுலபமாக முறியும். பழையதை அகற்றாமல் புதியதை அடுக்கிக்கொண்டே போனால் வரும் கேடு அது. கேத்தெப்சின்-கே இல்லாவிட்டால் பிக்னோடிசாஸ்டோசிஸ்: குள்ளமான உடல், எளிதில் உடையும் கால்கள். பிரெஞ்சு ஓவியர் துலூஸ்-லோட்ரெக்குக்கு இந்த நோய்தான் இருந்தது என்று 1960களில் இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் சொன்னார்கள். அதை ஏற்காதவர்களும் உண்டு.

தின்பது நோய் அல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். வளர்ந்த மனிதரின் எலும்பில் ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் இடித்துப் புதிதாகக் கட்டப்படுகிறது. நடந்தும் சுமந்தும் எலும்பில் விழும் நுண்ணிய கீறல்கள் இப்படித்தான் சரியாகின்றன. ஓர் இடத்தில் இடிப்பதற்கு இரண்டு மூன்று வாரம். அதே பள்ளத்தை நிரப்பிக் கட்டுவதற்கு மூன்று நான்கு மாதம். வீடு கட்டியவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும். இடிப்பது எப்போதுமே சீக்கிரம் முடியும். அதனால்தான் இடிக்கும் வேலைக்கு இத்தனை கெடுபிடி.

இனி அனுமதியின் கதை. இது ஆய்வுக்கூடத்தில் துப்பறியும் கதைபோல நகர்ந்தது.

ஆஸ்டியோகிளாஸ்ட் எங்கிருந்து வருகிறது என்பதே 1970கள் வரை சண்டைக்குரிய கேள்வியாக இருந்தது. எலும்பிலேயே பிறக்கிறது என்று ஒரு கட்சி, ரத்தத்தில் வருகிறது என்று இன்னொரு கட்சி. அமெரிக்காவில் டொனால்ட் வாக்கர் ஒரு காரியம் செய்தார். எலும்பு கல்லாகும் நோயுள்ள சுண்டெலியையும் அதன் ஆரோக்கியமான உடன்பிறப்பையும் ரத்த ஓட்டம் பகிர்ந்துகொள்ளும்படி பக்கவாட்டில் ஒட்டித் தைத்தார். நோயுற்ற எலியின் எலும்பு சரியாகத் தொடங்கியது. ஆக, தின்னும் செல் ரத்தத்தின் வழியே வருகிறது. மோனோசைட், மேக்ரோஃபேஜ் என்று கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்கள் இருக்கின்றனவே, அவற்றின் பங்காளிதான் ஆஸ்டியோகிளாஸ்ட். 1980இல் இது மனிதரிலும் உறுதியானது. அந்த நோயுள்ள ஐந்து மாதப் பெண் குழந்தைக்கு அவளுடைய அண்ணனின் மஜ்ஜையைச் செலுத்தினார்கள். பிறகு எலும்பை எடுத்துப் பார்த்தபோது ஆஸ்டியோகிளாஸ்ட்டுகளில் ஆண் குரோமோசோம் இருந்தது. எலும்பு கட்டும் செல்கள் அவளுடையவையாகவே இருந்தன. தின்பவர் ஒரு வம்சம், கட்டுபவர் வேறு வம்சம்.

அடுத்த துப்பு ஒரு முரண்பாட்டில் கிடைத்தது. கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் இருக்கும் குட்டிச் சுரப்பிகள் பாராதைராய்டு ஹார்மோனைச் சுரக்கின்றன. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இந்த ஹார்மோன் ஏறும், உடனே எலும்பு கரையத் தொடங்கும். அப்படியானால் ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பி தின்னும் செல்லில்தானே இருக்க வேண்டும்? தேடினால் அது ஆஸ்டியோபிளாஸ்ட்டில், அதாவது எலும்பு கட்டும் செல்லில் இருந்தது. 1981இல் கிடியன் ரோடன், ஜான் மார்ட்டின் என்ற இருவர் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள்: இடிக்கும் உத்தரவு முதலில் கட்டுபவருக்கு வருகிறது, அவர்தான் இடிப்பவரிடம் சொல்கிறார். கொத்தனாரிடமிருந்து சுவரை இடிக்கிறவருக்கு ஆணை போகிறது என்பதுபோல. அன்றைக்கு அது வெறும் ஊகம்.

டோக்கியோவில் தட்சுவோ சுடாவும் நவோயுகி தகஹாஷியும் அதை ஒரு கண்ணாடித் தட்டில் கொண்டுவந்தார்கள். சுண்டெலியின் மண்ணீரல் செல்களையும் எலும்பு கட்டும் செல்களையும் ஒரே தட்டில் வளர்த்து, வைட்டமின் டியின் செயல்படு வடிவத்தைச் சேர்த்தபோது ஆஸ்டியோகிளாஸ்ட்டுகள் உருவாயின. 1988இல் வெளியான ஆய்வு. முக்கியமான நுணுக்கம் இது: இரண்டு வகை செல்களுக்கும் நடுவில் மெல்லிய வடிகட்டிச் சவ்வை வைத்துப் பிரித்தால் ஒன்றும் உருவாகவில்லை. தொட்டால்தான் வேலை நடக்கிறது. கட்டும் செல்லின் மேற்பரப்பில் ஏதோ ஒன்று ஒட்டியிருக்கிறது, அதைத் தொட்டவன்தான் தின்பவனாகிறான் என்று அவர்கள் கணித்தார்கள். அந்த ஏதோ ஒன்று கைக்குக் கிடைக்கப் பத்து ஆண்டுகள் ஆயின.

கிடைத்தபோது அதற்கு நேர் எதிரானதுதான் முதலில் கிடைத்தது. கலிஃபோர்னியாவில் ஆம்ஜென் நிறுவனத்தார் எலிக்கருவின் குடலிலிருந்து எடுத்த ஒரு மரபணுவைச் சுண்டெலிகளில் மிகையாகச் செயல்பட வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்புகள் பளிச்சென்று வெள்ளையாக, அளவுக்கு மீறி அடர்த்தியாக இருந்தன. அந்தப் புரதத்துக்கு எலும்பைக் காப்பது என்ற பொருளில் ஆஸ்டியோபுரோடெகெரின் என்று பெயர் வைத்து 1997இல் வெளியிட்டார்கள். அதே சமயம் ஜப்பானில் ஸ்னோ பிராண்ட் என்ற பால் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மனித நுரையீரல் செல்கள் வளர்ந்த திரவத்திலிருந்து இதே புரதத்தைத் தனியாகப் பிரித்தெடுத்திருந்தார்கள். ஆம், பால், வெண்ணெய் விற்கும் நிறுவனம்தான். அந்தக் காப்புப் புரதத்தைத் தூண்டிலாகப் போட்டு, அது எதைப் பிடிக்கிறது என்று பார்த்தபோது, 1998இல் இரண்டு குழுவுக்கும் சுடா தேடிய பொருள் அகப்பட்டது.

அகப்பட்டவுடன் இன்னொரு வேடிக்கை. நோய் எதிர்ப்புத் துறையினர் முந்தைய ஆண்டே அதைக் கண்டுபிடித்து, டி செல் சம்பந்தமான மூலக்கூறு என்று பெயரும் வைத்திருந்தார்கள், அதுவும் இரண்டு பெயர்கள். ஆக, ஒரே புரதத்துக்கு நான்கு பெயர்கள். வீட்டில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், தாத்தா கூப்பிட ஒரு பெயர் என்று இருக்கும் பையனைப்போல. கடைசியில் நிலைத்தது ராங்க்-எல். அதைப் பற்றிக்கொள்ளும் ஏற்பி ராங்க். இது தின்னப்போகும் செல்லின் மேல் இருக்கிறது. காப்புப் புரதத்தைச் சுருக்கமாக ஓபிஜி என்பார்கள்.

மூவரின் உறவு எளிமையானது. ராங்க்-எல் சாவி, ராங்க் பூட்டு. ஓபிஜி ஒரு போலிப் பூட்டு. செல்லோடு ஒட்டாமல் திரவத்தில் மிதந்துகொண்டு சாவிகளைத் தானே வாங்கி வைத்துக்கொள்ளும். சாவியையும் போலிப் பூட்டையும் செய்வது பெரும்பாலும் எலும்பு கட்டும் பரம்பரையில் வந்த செல்கள்தான். எத்தனை சாவி, எத்தனை போலிப் பூட்டு என்ற விகிதத்தில்தான் எலும்பின் தலையெழுத்து இருக்கிறது. சாவி இல்லாத சுண்டெலிக்கு ஒரு ஆஸ்டியோகிளாஸ்ட்கூட உருவாகவில்லை. எலும்பு கல்லானது, ஈற்றைப் பிளந்துகொண்டு பல்கூட வெளியே வர முடியவில்லை. ஓபிஜி இல்லாத சுண்டெலிக்கு இளமையிலேயே எலும்பு ஓட்டையாகி முறிந்தது.

மனிதரிலும் இதற்குச் சான்று உண்டு, அது கொஞ்சம் மனதைக் கனக்க வைப்பது. எலும்பு கல்லாகும் நோயுள்ள குழந்தைகளுக்கு மஜ்ஜை மாற்று சிகிச்சை பொதுவாகக் கைகொடுக்கும். சில குழந்தைகளுக்கு அது பலிக்கவே இல்லை. 2007இல் காரணம் தெரிந்தது: அவர்களுக்குப் பழுதானது ராங்க்-எல் மரபணு. தின்னும் செல்கள் நல்லவை. அனுமதி கொடுக்க வேண்டிய பக்கத்தில் சாவி இல்லை. பக்கத்து வீட்டுப் பையனைத் தத்தெடுத்து என்ன பயன், சாவி தொலைந்தது நம் வீட்டில் அல்லவா?

சரி, பூட்டில் சாவி போட்ட பிறகு உள்ளே என்ன நடக்கிறது? இந்தப் பகுதியில்தான் எழுத்துச் சுருக்கங்களின் காடு வருகிறது. நான்கைந்து மரங்களை மட்டும் காட்டுகிறேன்.

ரத்தத்தில் சுற்றும் முன்னோடி செல்லுக்கு முதலில் எம்-சிஎஸ்எஃப் என்ற இன்னொரு சமிக்ஞை வேண்டும். அது சோறு போடுவதுபோல. இல்லாவிட்டால் செல் உயிரோடிருக்காது, பெருகாது, ராங்க் பூட்டையும் மேற்பரப்பில் வைக்காது. பிறகு ராங்க்-எல் வந்து ராங்க்கைப் பற்றுகிறது. ராங்க்கின் வால் செல்லுக்குள் நீண்டிருக்கிறது. அந்த வாலில் ட்ராஃப்-6 என்ற புரதம் வந்து ஒட்டுகிறது. அங்கிருந்து செய்தி கிளை பிரிகிறது. ஒரு கிளை என்எஃப்-கப்பா-பி என்ற மரபணு இயக்கியை எழுப்புகிறது. இது உடம்பில் அழற்சி எங்கே இருந்தாலும் தலைகாட்டும் ஆள். இன்னொரு கிளை சி-ஃபாஸ் என்பதை எழுப்புகிறது. இந்த இருவரும் சேர்ந்து என்ஃபேட்-சி1 என்ற மூன்றாமவரைக் கொஞ்சமாக உருவாக்குகிறார்கள். கொஞ்சம்தான். அவர் உட்கருவுக்கு வெளியே, உடம்பெல்லாம் பாஸ்பேட் ஒட்டிக்கொண்டு, உள்ளே போக முடியாமல் நிற்கிறார்.

வங்கி லாக்கர் வைத்திருப்பவர்களுக்கு அடுத்த கட்டம் சட்டென்று புரியும். லாக்கர் திறக்க நம்மிடம் உள்ள சாவி மட்டும் போதாது, வங்கி ஊழியரின் சாவியும் கூடவே சுழல வேண்டும். ஆஸ்டியோகிளாஸ்ட்டுக்கும் அப்படித்தான். நோய் எதிர்ப்பு செல்களில் வழக்கமாகக் காணப்படும் டாப்-12 முதலிய துணைப் புரதங்கள் இன்னொரு வழியில் செய்தி அனுப்ப வேண்டும். அது வந்தால் செல்லுக்குள் சேமித்து வைத்த கால்சியம் விட்டு விட்டுப் பொங்குகிறது, அலை அலையாக. அந்த அலை கால்சிநியூரின் என்ற என்சைமை உசுப்புகிறது. அது என்ஃபேட்-சி1 மேல் ஒட்டிய பாஸ்பேட்டுகளைக் கழற்றிவிடுகிறது. இப்போது அவர் உட்கருவுக்குள் நுழைகிறார். நுழைந்து முதலில் செய்யும் காரியம், தன்னுடைய மரபணுவையே போய்த் தட்டுவது. தன்னைத் தானே பெருக்கிக்கொள்கிறார். கொஞ்சம் இருந்தது வெள்ளமாகிறது. செல்களை ஒன்றாக இணைக்கும் புரதம், எலும்போடு ஒட்டவைக்கும் புரதம், அமிலப் பம்பு, கேத்தெப்சின்-கே எல்லாவற்றின் மரபணுக்களும் திறக்கின்றன. ஹிரோஷி தகயனாகி குழுவினர் 2002இல் இதை வெளியிட்டார்கள். இந்தச் செல்லின் தலைமைச் சுவிட்ச் என்று இன்று என்ஃபேட்-சி1ஐத்தான் சொல்கிறார்கள்.

எந்தக் கால்சியத்துக்காக எலும்பு தின்னப்படுகிறதோ, அந்தக் கால்சியமே தின்னும் செல் உருவாகவும் சமிக்ஞையாக நிற்கிறது. வேண்டுமென்று அமைத்ததல்ல, கால்சியம் எல்லாச் செல்களிலும் தூதுவன்தான். இருந்தாலும் ஒருகணம் நிறுத்தி ரசிக்கத் தோன்றுகிறது. டாப்-12 பிறவியிலேயே பழுதானவர்களுக்கு நாசு-ஹகோலா என்ற அரிய நோய் வருகிறது: எலும்பில் பொத்தல்கள், நாற்பது வயதுக்குள் மறதி நோய். எலும்பும் மூளையும் ஏன் சேர்ந்து கெடுகின்றன என்றால், மூளையின் துப்புரவு செல்களும் ஆஸ்டியோகிளாஸ்ட்டுகளும் தூரத்துச் சொந்தம். இருவருமே அந்தப் புரதத்தை நம்பியிருக்கிறார்கள்.

பிரேக்கும் உண்டு. சி-ஃபாஸ் ஒரு பக்கம் முடுக்கிக்கொண்டே, மறுபக்கம் பீட்டா இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை உற்பத்தி செய்ய வைக்கிறது. அது திரும்பி வந்து சி-ஃபாஸையே மட்டுப்படுத்துகிறது. அப்புறம் செல் உருவாகிவிட்டாலும் தின்னத் தெரிய வேண்டுமே. அதற்கு சார்க் என்ற என்சைம் தேவை. புற்றுநோய் ஆய்வில் பெயர்போன மூலக்கூறு அது. 1991இல் அதை நீக்கிய சுண்டெலியை உருவாக்கியவர்கள் மூளையும் ரத்தத் தட்டணுக்களும் கெட்டுப்போகும் என்று எதிர்பார்த்தார்கள். அவை நன்றாகவே இருந்தன, எலும்புதான் கல்லாகியிருந்தது. அந்த எலிகளில் ஆஸ்டியோகிளாஸ்ட்டுகள் இருந்தன, ஆனால் கொசுவ மடிப்பு அமையாததால் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தன.

இத்தனை கட்டுப்பாடு இருந்தும் ஏன் எலும்பு போகிறது? சாவி செய்யும் பட்டறைக்கு யார் யாரோ ஆர்டர் கொடுப்பதால். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் இறங்குகிறது. ஈஸ்ட்ரோஜன் இருந்தவரை ராங்க்-எல்லை அடக்கி, ஓபிஜியை உயர்த்தி, போதாததற்கு ஆஸ்டியோகிளாஸ்ட்டுகளின் ஆயுளையும் குறைத்துக்கொண்டிருந்தது. அது போனவுடன் மூன்று கட்டும் ஒரே நேரத்தில் அவிழ்கின்றன. ஆஸ்துமாவுக்கும் வாதத்துக்கும் நீண்டநாள் ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்கு வேறு வழியில் இதே விளைவு: ராங்க்-எல் ஏற்றம், ஓபிஜி இறக்கம், கூடவே கட்டும் செல்களின் சோர்வு. முடக்குவாதத்தில் மூட்டைச் சுற்றியுள்ள அழற்சித் திசுவே ராங்க்-எல்லைத் தயாரிக்கிறது. அதனால்தான் எக்ஸ்ரேயில் விரல் மூட்டின் ஓரங்கள் எலி கடித்ததுபோலத் தெரிகின்றன. ஈறு அழற்சியில் பல் ஆடுவதும் இதே கணக்கு. மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவும்போது, புற்றுசெல் தானே எலும்பைக் கரைப்பதில்லை. பாராதைராய்டு ஹார்மோனைப் போன்ற ஒரு புரதத்தைச் சுரந்து, கட்டும் செல்லை ஏமாற்றி, அனுமதிச் சீட்டு வாங்குகிறது. எலும்பு கரையும்போது அதில் புதைந்திருந்த வளர்ச்சிக் காரணிகள் வெளிவந்து புற்றுக்கே தீனியாகின்றன.

படுக்கையில் கிடப்பவரின் எலும்பு ஏன் கரைகிறது என்ற முதல் கேள்விக்கும் விடை இங்கேதான். எலும்புக்குள் சிறையிருப்பதுபோல் புதைந்து கிடக்கும் ஆஸ்டியோசைட் என்ற செல்கள் எடையையும் அதிர்வையும் உணர்கின்றன. கட்டும் செல்கள்தான் வேலை முடிந்து எலும்புக்குள் புதைந்து இப்படி மாறுகின்றன. வளர்ந்த எலும்பில் ராங்க்-எல் பெரும்பாலும் இவற்றிடமிருந்தே வருகிறது என்று 2011இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே காட்டின. சுமை இல்லாவிட்டால், இந்த இடம் தேவையில்லை போலிருக்கிறது, இடிக்கலாம் என்று அவை சீட்டு எழுதிவிடுகின்றன.

எல்லா ஆர்டரும் கெட்டது என்று நினைத்துவிட வேண்டாம். பால் கொடுக்கும் தாயின் உடலும் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துப் பாலில் சேர்க்கிறது. பால் மறந்த பிறகு எலும்பு பெரும்பாலும் மீண்டும் சேர்ந்துவிடுகிறது. இதில் என்னை மிகவும் கவர்ந்த செய்தி: ராங்க்-எல் இல்லாத சுண்டெலிக்கு மார்பில் பால் சுரப்பிகளே சரியாக வளர்வதில்லை. கொடுக்கும் எலும்புக்கும் வாங்கும் மார்புக்கும் ஒரே மூலக்கூறு. ஒரு பால் நிறுவனம் இதைக் கண்டுபிடித்தது தற்செயல்தான், ஆனாலும் பொருத்தம்.

இனி மருந்து. பிஸ்பாஸ்போனேட் வகை பழையது. வாரம் ஒரு முறை வெறும் வயிற்றில் விழுங்கி அரை மணி நேரம் படுக்கக் கூடாது என்று சொல்வார்களே, அந்த அலெண்ட்ரோனேட் இந்த வகை. அது எலும்பில் போய் ஒட்டிக்கொண்டு, தின்ன வருகிற செல்லுக்கு விஷம் வைத்த சோறாக அமைகிறது. கேத்தெப்சின்-கேயைத் தடுக்கும் ஒடானகாடிப் என்ற மருந்து பெரிய சோதனைகளில் எலும்பு முறிவைக் குறைத்தது; ஆனால் பக்கவாத ஆபத்து கூடியதால் 2016இல் மெர்க் நிறுவனம் அதைக் கைவிட்டது. இவை இரண்டும் தின்பவரைக் குறிவைப்பவை.

அனுமதியையே குறிவைக்கும் மருந்து டெனோசுமாப். முதலில் ஓபிஜியையே மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அது ராங்க்-எல்லோடு ட்ரெயில் என்ற வேறொரு புரதத்தையும் பிடித்துக்கொள்ளும் சுபாவமுடையது. அதனால் ராங்க்-எல்லை மட்டும் பிடிக்கும் எதிர்ப்புரதத்தை (ஆன்டிபாடி) வடிவமைத்தார்கள். அதுதான் டெனோசுமாப். 7,868 பெண்களிடம் மூன்று ஆண்டுகள் நடந்த சோதனையில் முதுகெலும்பு முறிவு 68 சதவீதமும் இடுப்பு முறிவு 40 சதவீதமும் குறைந்தன. 2010இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை தோலுக்கடியில் 60 மில்லிகிராம், அவ்வளவுதான். சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்பவர்களுக்கு இது ஆபத்தாகலாம்: எலும்பிலிருந்து வரும் வரத்தை அடைத்தால் ரத்தத்தில் கால்சியம் கடுமையாக இறங்கிவிடும். 2024இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்கு மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது.

இன்னொரு விலையும் உண்டு. இடிப்பவரும் கட்டுபவரிடம் பேசுகிறார். ஆஸ்டியோகிளாஸ்ட்டுகள் ராங்க் பதித்த நுண்ணிய குமிழிகளை வெளியிடுகின்றன. அவை கட்டும் செல்லின் ராங்க்-எல்லில் மோதி, இடித்து முடித்தாயிற்று, நீ தொடங்கு என்ற சேதியைத் தலைகீழாகச் சொல்கின்றன என்று 2018இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். இடிப்பை முற்றிலும் நிறுத்தும் மருந்துகளில் கட்டுமானமும் மந்தமாகிவிடுவதற்கு இது ஒரு காரணம். அரிதாக, பல நாள் எடுத்தவர்களுக்குத் தொடையெலும்பு விசித்திரமாக முறிவதும், பல் பிடுங்கிய பின் தாடையெலும்பு ஆறாமல் நிற்பதும் இந்த மந்தத்தோடு சம்பந்தப்பட்டவை.

டெனோசுமாப்பின் பெரிய பாடம் அதை நிறுத்தும்போதுதான் தெரிந்தது. பிஸ்பாஸ்போனேட் எலும்பிலேயே பல ஆண்டுகள் தங்கும். எதிர்ப்புரதம் தங்காது; ஆறு மாதத்தில் தேய்ந்துவிடும் (இங்கே அந்தச் சொல் சரிதான்). ஊசியை நிறுத்தியவர்களில் சிலருக்கு அடுத்த ஓராண்டுக்குள் முதுகெலும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக நொறுங்கின. சேர்த்த எலும்பு சாதாரண வேகத்தில் குறையவில்லை, பாய்ந்து குறைந்தது. ஏன்? சிட்னியில் கார்வன் ஆய்வு நிலையத்தார் உயிருள்ள சுண்டெலியின் எலும்புக்குள் நடப்பதை நுண்நோக்கி வழியே பார்த்தார்கள். ஆஸ்டியோகிளாஸ்ட்டுகள் வேலை முடிந்ததும் எல்லாமே சாவதில்லை. சில உடைந்து சின்னச் சின்ன செல்களாகப் பிரிகின்றன, பிறகு ஒன்றுகூடி மீண்டும் ராட்சசனாகின்றன. ஆஸ்டியோமார்ஃப் என்று பெயர் சூட்டி 2021இல் வெளியிட்டார்கள். ராங்க்-எல்லைத் தடுத்திருக்கும்வரை இந்தச் சின்ன செல்கள் குவிந்துகொண்டே இருந்தன. தடை நீங்கியதும் சேர்ந்துவிட்டன. கதவை அடைத்தோம், வாசலில் கூட்டம் கலையவில்லை.

அதனால்தான் 2020இல் கொரோனா ஊரடங்கு வந்தபோது, மற்ற எலும்பு மருந்துகள் கொஞ்சம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை, டெனோசுமாப் ஊசி மட்டும் முந்தைய ஊசியிலிருந்து ஏழு மாதத்தைத் தாண்டக் கூடாது என்று எலும்பு மருத்துவ அமைப்புகள் அவசரமாக அறிவுறுத்தின. நிறுத்துவதாக இருந்தால் அந்த இடத்தில் பிஸ்பாஸ்போனேட்டைத் தொடங்கி வாசல் கூட்டத்தைச் சமாளிப்பது இன்றைய வழக்கம். இந்த ஊசியைப் போட்டுக்கொண்டிருக்கும் அம்மாவோ அத்தையோ உங்கள் வீட்டில் இருந்தால், அடுத்த ஊசிக்கான தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். போதும், விட்டுவிடலாம் என்று அவர்களாக முடிவெடுப்பதற்குமுன் எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள்.